அந்தப் பிள்ளைகளை ஆறு மணிக்கு விட்டுவிடுங்கள்

கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் பலர் என் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள். உங்கள் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றிய இந்தப் பதிவு முக்கியமாக உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

மூன்று வருடங்களாகக் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன மண்டபத்தில் திங்கள், புதன், வெள்ளி பின்னேரங்களில் கணிதம் படிப்பிக்கிறேன். வருகிறவர்கள் ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சை எழுதாமலே பள்ளிக்கூடத்தை விட்டவர்கள், இல்லாவிட்டால் எழுதிக் கணிதத்தில் தவறியவர்கள். செட்டியார் தெரு நகைப் பட்டறையில் இருந்து வருகிறார்கள், மெயின் வீதி புடவைக் கடைகளில் இருந்து வருகிறார்கள், மூட்டை இறக்கும் நாட்டாமைகளும் இரண்டு பேர் இருக்கிறார்கள். பாதிப் பேர் மலையகத்தில் மஸ்கெலியா, பதுளைப் பக்கம் இருந்து வந்து கடைக்கு மேலேயே தங்கியிருப்பவர்கள். மற்றவர்கள் மட்டக்குளி, முகத்துவாரம் பிள்ளைகள்.

ஏன் விட்டார்கள் என்று கேட்டால் பெரிய கதை எதுவும் வராது. 2020இல் பள்ளிக்கூடம் பூட்டியபோது வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். 2022இல் விலைவாசி ஏறியபோது, "ரெண்டு மாசம் கடைக்குப் போய்ட்டு வாறேன்" என்று ஒருவன் போனான். ரெண்டு மாதம் மூன்று வருடம் ஆகிவிட்டது. 16 வயது வரை கட்டாயக் கல்வி என்று 2016இல் சட்டவிதி வந்ததே, அதை இவர்களில் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

"படிப்பு ஏறாத பிள்ளைகள்" என்று இவர்களைப் பற்றி யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். விகிதம் படிப்பித்த அன்று நான் பலகையில் எழுதி முடிக்கும் முன்னே நகைப் பட்டறைத் தம்பி ஒருவன் எழுந்து, "மிஸ், இருபத்திரண்டு கரட் என்றால் இருபத்துநாலு பங்கில் இருபத்திரண்டு பங்கு தங்கம், மிச்சம் ரெண்டு பங்கு செம்பும் வெள்ளியும்" என்றான். ஒரு பவுண் எட்டுக் கிராமில் சுத்தத் தங்கம் எவ்வளவு என்று கேட்டேன். மனக்கணக்கில் சொன்னான். எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவன் அவன். வினாத்தாளில் அதே கணக்கு வேறு சொற்களில் வந்தால்தான் திணறுகிறான். அந்தச் சொற்களைப் பழக்குவதற்குத்தான் வகுப்பு.

பரீட்சையின் கதவு இவர்களுக்கு மூடியில்லை. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக யாரும் விண்ணப்பிக்கலாம், தவறிய பாடத்தை மட்டும் திரும்ப எழுதலாம். தாய்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடம் சித்தி (பாஸ்), அதில் மூன்றில் திறமைச் சித்தி (கிரெடிட்) இருந்தால் உயர்தரம் படிக்கலாம். ஆனால் விண்ணப்பத்துக்கு அடையாள அட்டை வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளை அதை எடுக்க ஊருக்குப் போய்க் கிராம சேவகரிடமோ தோட்ட அதிகாரியிடமோ கையெழுத்து வாங்க வேண்டும். அவர் அன்றைக்கு இல்லை என்றால் இன்னொரு பயணம். பஸ் காசும் போகும், அந்த நாள் சம்பளமும் போகும். போன வருடம் கணிதத்தில் நன்றாகத் தேறியிருந்த ஒரு பிள்ளை இந்த ஒரு காரணத்தால் பரீட்சை எழுதவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை மணிக்கூடுதான். வகுப்பு ஆறரைக்குத் தொடங்கும். கடை பூட்ட ஏழரை, எட்டு ஆகும். அதற்குப் பிறகு ஸ்டொக் பார்க்க வேண்டும், கூட்ட வேண்டும். வேர்வையோடு எட்டரைக்கு வந்து கடைசி வாங்கில் உட்காருகிறவனுக்கு மூன்று நிமிடத்தில் கண் சொருகும். எழுப்ப மனம் வராது எனக்கு. பெண் பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். ஒன்பது மணிக்கு வகுப்பு விட்டால் ஆமர் வீதிப் பக்கம் தனியாக எப்படிப் போவது? அண்ணனோ தம்பியோ கூட்டிப்போக வராத நாட்களில் அவர்கள் வருவதில்லை. ஒரு தங்கச்சி நாலு மாதம் வந்து இதனாலேயே நின்றுவிட்டாள்.

வகுப்பு நாட்களில் நேரத்தோடு விடச் சொல்லி நான் சில முதலாளிமாரிடம் நேரில் கேட்டிருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தீபாவளிக்கு உடுப்பு எடுத்துக் கொடுப்பார்கள், காய்ச்சல் என்றால் மருந்து வாங்கிக் கொடுப்பார்கள். ஆனால், "படிச்சா அவன் கடையில நிக்க மாட்டானே மிஸ்" என்கிறார்கள். பொய் சொல்லி உங்களைச் சம்மதிக்க வைக்க நான் விரும்பவில்லை. ஆமாம், சிலர் போவார்கள். போகட்டும். உங்கள் சொந்தப் பிள்ளையின் ஓ.எல். பெறுபேறு வந்த நாளில் கடையில் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தீர்கள். அதை வாங்கிச் சாப்பிட்ட பையனுக்கும் அதே வயதுதான்.

அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. பாடப்புத்தகமும் இலவசம், சீருடையும் இலவசம். பின்னேர வகுப்புக்கு வருகிறவனுக்கோ நேரம்தான் தேவை, அது உங்கள் கையில் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள், ஆளுக்கு இரண்டு மணித்தியாலம். ஒரு இரும்புக் கடைக்காரர் இந்த வருடம் ஜனவரியில் இருந்து தன் கடையில் வேலை செய்யும் இரண்டு பிள்ளைகளையும் ஆறு மணிக்கு அனுப்புகிறார். அதற்குப் பதிலாக அவர்கள் காலையில் அரை மணித்தியாலம் முந்திக் கடை திறக்கிறார்கள். இருவரும் இப்போது முன் வாங்கில் உட்காருகிறார்கள், தூங்குவதில்லை.

புறக்கோட்டையில் இருந்து நடந்து வந்தாலும் அரை மணித்தியாலம்தான். ஆறு மணிக்கு விட்டால் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள்.