தனலட்சுமி யார் தயவில் வாழ்கிறார்?

(இடம்: புதுச்சேரி முத்தியால்பேட்டை, மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. பான் கார்டு முதல் பிரான்ஸ் விசா வரை எல்லா ஃபாரமும் நிரப்பித் தரப்படும் என்று வெளியே போர்டு. நேரம் காலை பத்தரை, அதாவது இட்லி தீர்ந்த பிறகு. கடைக்காரர் பாபு. வந்திருப்பவர் இரண்டு தெரு தள்ளி இட்லிக் கடை நடத்தும் தனலட்சுமி. கையில் மஞ்சள் பை. இந்த ஊரில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு வந்தால், உள்ளே இருப்பது அநேகமாகப் பிரான்ஸ் சமாச்சாரம்தான்.)

தனலட்சுமி: பாபு, பிரான்சில் போய் நிரந்தரமாகத் தங்குவதற்கு ஒரு ஃபாரம் போடுப்பா. பன்னிரண்டு மணிக்குள் முடித்துக் கொடு, மாவுக்கு அரிசி ஊற வைக்க வேண்டும்.

பாபு: உட்காருங்கள் அக்கா. யார் மூலமாகப் போகிறீர்கள்?

தனலட்சுமி: சம்பந்தி வீட்டில் ஒரு சொல்தா இருக்கிறாரே, பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். ஜூலை 14 வந்தால் மெடலைக் குத்திக்கொண்டு பீச் ரோட்டுக்குப் போவார். மருமகளுக்குப் பெரியப்பா.

பாபு: மருமகளுக்குப் பெரியப்பா என்றால் உங்களுக்கு?

தனலட்சுமி: அண்ணன் முறை.

பாபு: பிரெஞ்சுக்காரன் சட்டப்படி அவர் உங்களுக்கு யாரோ. புருஷன், பெண்டாட்டி, பெற்ற பிள்ளை, பெற்றவர்கள். குடும்பம் அத்தோடு முடிந்தது.

தனலட்சுமி: சித்தப்பா?

பாபு: கிடையாது.

தனலட்சுமி: அத்தை, மாமா?

பாபு: ம்ஹூம்.

தனலட்சுமி: நாத்தனார்?

பாபு: நாத்தனாரும் கிடையாது அக்கா.

தனலட்சுமி: நல்ல தேசம்தான் போலிருக்கிறது.

பாபு: உங்கள் மாமனார் அன்றைக்கே எழுதிக் கொடுத்திருந்தால் இந்த அலைச்சலே இல்லை. 1954 நவம்பரில் புதுச்சேரி நிர்வாகம் பிரெஞ்சுக்காரனிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறினாலும், ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அன்றிலிருந்து ஆறு மாதக் கெடு. பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவர் பிரெஞ்சுக்காரர், பேசாமல் இருந்தவர் இந்தியர்.

தனலட்சுமி: எழுதிக் கொடுக்கத்தான் கிளம்பினார். வழியில் எவனோ, கையெழுத்துப் போட்டால் அல்ஜீரியாவுக்குச் சண்டை போட அனுப்பிவிடுவான் என்று சொல்லிவிட்டானாம். அப்படியே திரும்பி வந்து படுத்துக்கொண்டார்.

பாபு: அந்தச் சண்டை 1962 மார்ச்சிலேயே நின்றுவிட்டதே!

தனலட்சுமி: எங்கள் மாமனாருக்கு எந்தச் செய்தியும் அடுத்த பொங்கலுக்குத்தான் போய்ச் சேரும்.

பாபு: சரி, அவரை விடுங்கள். உங்கள் பிள்ளை குமரனுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி வந்துவிட்டதல்லவா?

தனலட்சுமி: வந்தாயிற்று. கட்டினது பிரெஞ்சுக்காரி ஆயிற்றே. பிரெஞ்சுக்காரி என்றால் வைத்திக்குப்பத்துப் பெண்தான், மீன் குழம்பு என்னைவிட நன்றாக வைப்பாள். கல்யாணமாகி நாலு வருடம் முடிந்ததும் எழுதிப் போட்டான், கொடுத்துவிட்டார்கள்.

பாபு: அப்புறம் என்ன? பெற்ற பிள்ளை பிரெஞ்சுக்காரன். நேர் வழி இருக்கிறது. பிரெஞ்சுக்காரரின் தயவில் வாழும் தாய் தகப்பன் என்று ஒரு பிரிவு. முதலில் நீண்ட கால விசா, அங்கே போன பிறகு தங்குவதற்கான கார்டு. கொடுத்தால் ஒரேயடியாகப் பத்து வருடக் கார்டு.

தனலட்சுமி: பத்து வருடமா? எழுது, எழுது.

(பாபு கீபோர்டை இழுத்துக்கொள்கிறார். மஞ்சள் பையிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வெளியே வருகிறது. மடிப்பு விழுந்த இடங்களில் செலோ டேப். டேப்பே பழுத்துவிட்டது.)

பாபு: இதில் உங்கள் பெயரே இல்லையே. ரெட்டிச்சாவடி, பெண் குழந்தை என்று மட்டும் இருக்கிறது.

தனலட்சுமி: பெண் என்று கண்டுபிடித்து எழுதினார்களே, அதுவே பெரிசு. பெயர் வைத்தது பதினாறாம் நாள். அதற்குள் எழுதியாகிவிட்டது.

பாபு: பெயர் சேர்த்து வாங்க வேண்டும். ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, அதனால் முதலில் அந்த அரசாங்கத்தின் முத்திரை, அதற்கு மேல் வெளியுறவுத் துறையின் அப்போஸ்தில், அதாவது இந்தச் சான்றிதழ் அசல்தான் என்று வெளிநாட்டுக்குச் சொல்லும் ஸ்டிக்கர். 2005இல் இந்தியா அப்போஸ்தில் ஒப்பந்தத்தில் சேர்ந்ததிலிருந்து ஒரு ஸ்டிக்கரோடு வேலை முடிகிறது. அதன் பிறகு பிரெஞ்சில் மொழிபெயர்ப்பு. அதெல்லாம் என் பொறுப்பு. இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். நீங்கள் யார் தயவில் வாழ்கிறீர்கள்?

தனலட்சுமி: என்ன கேட்டாய்?

பாபு: உங்களுக்குச் சோறு போடுவது யார்?

தனலட்சுமி: (எழுந்து நின்று) யாரைப் பார்த்து என்ன கேள்வி கேட்கிறாய்? இந்தத் தெருவுக்கே சோறு போடுகிறவள் நான். இன்று காலை நீ தின்ற நாலு இட்லியும் வடையும் யார் போட்டது?

பாபு: அக்கா, நான் கேட்கவில்லை, ஃபாரம் கேட்கிறது. பிள்ளை அனுப்பும் பணம் இல்லாவிட்டால் உங்களால் பிழைக்க முடியாது என்று காட்ட வேண்டும். அதுதான் இந்த விசாவுக்கு உயிர்நாடி.

தனலட்சுமி: என் வீட்டுக்காரர் போனபோது குமரனுக்கு ஒன்பது வயது. அன்றைக்குப் பற்ற வைத்த அடுப்பு. ஒரு பயலிடம் ஒரு ரூபாய்க்கு நான் கை நீட்டியதில்லை. இப்போது போய், நான் பெற்றவன் எனக்குச் சோறு போடுகிறான் என்று எழுதுவதா?

பாபு: சரி, வருமானத்தைச் சொல்லுங்கள். உள்ளது உள்ளபடி.

தனலட்சுமி: கடையில் செலவு போகக் கைக்கு நிற்பது பதினெட்டாயிரம். மாடி வாடகை ஆறாயிரம். அவரோட பென்ஷன் தனி. அப்புறம் சீட்டு...

பாபு: போதும் அக்கா. இன்னும் இரண்டு வரி சொன்னால், குமரன்தான் உங்கள் தயவில் வாழ்கிறான் என்று மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

தனலட்சுமி: அது வேறு என்னவாம்?

பாபு: பாஸ்புக்கைக் கொடுங்கள். மாதா மாதம் அவன் பணம் அனுப்பிய வரிகள் இருந்தால் அதை வைத்து ஏதாவது சொல்லிப் பார்க்கலாம்.

(பாபு பக்கம் பக்கமாக விரலை ஓட்டுகிறார். விரல் ஓரிடத்தில் நிற்கிறது, மேலே போகிறது, மறுபடியும் அங்கேயே வருகிறது.)

பாபு: தீபாவளிக்குப் பத்தாயிரம் வந்திருக்கிறது. நல்லது. அடுத்த வரி... நாற்பதாயிரம் போயிருக்கிறதே. யாருக்கு?

தனலட்சுமி: குமரனுக்குத்தான். ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகிற டிக்கெட்டைத் தவற விட்டுவிட்டான். வேறு யார் போடுவது?

பாபு: அதற்குக் கீழே பதினைந்தாயிரம்?

தனலட்சுமி: பேத்திக்குக் காது குத்து.

பாபு: ஐயாயிரம், ஐயாயிரம், ஐயாயிரம் என்று வரிசையாகப் போகிறதே, இது?

தனலட்சுமி: இங்கே அவன் பெயரில் ஒரு எல்.ஐ.சி. நான்தான் கட்டுகிறேன். அவனுக்கு ஞாபகம் இருக்காது.

பாபு: அக்கா, இந்தப் பாஸ்புக்கை கான்சலேட்டில் காட்டினால், ஒரு பிரெஞ்சுக் குடிமகனைக் காப்பாற்றி வருவதற்காக உங்களுக்கு மெடல்தான் கொடுப்பார்கள். விசா கொடுக்க மாட்டார்கள்.

தனலட்சுமி: சரி, எனக்கு இருப்பதை வைத்துக்கொண்டே போகிறேன். என் சோற்றை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதேன். அதற்கு வழி இல்லையா?

பாபு: இருக்கிறது. விசித்தர் என்று ஒரு விசா. வேலை பார்க்க மாட்டேன், என் காசிலேயே இருப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த ஊர்க் குறைந்தபட்சச் சம்பள அளவுக்கு வருமானம் காட்டச் சொல்வார்கள். கைக்கு வருவது மாதம் 1400 யூரோவை ஒட்டி. நம் காசுக்கு லட்சத்தைத் தாண்டும்.

தனலட்சுமி: இட்லி விற்றா?

பாபு: இட்லி விற்றுத்தான்.

தனலட்சுமி: அதாவது, பிள்ளை கையை எதிர்பார்க்கிற அளவுக்கு நான் ஏழையும் இல்லை, என் காசில் போய் உட்காருகிற அளவுக்குப் பணக்காரியும் இல்லை.

பாபு: சரியாகச் சொன்னீர்கள். நடுவில் மாட்டிக்கொண்டீர்கள்.

தனலட்சுமி: கடையை மூடிவிட்டு, வீட்டை அவன் பெயருக்கு எழுதிவிட்டு, ஒன்றும் இல்லாதவளாகப் போய் நின்றால்?

பாபு: ஒரு வேளை கிடைக்கலாம். செய்வீர்களா?

தனலட்சுமி: உனக்குப் பைத்தியமா? பேச்சுக்குக் கேட்டால்...

(சிறிது நேரம் பேச்சில்லை. ஜெராக்ஸ் மெஷின் மட்டும் யாருடைய ஆதார் கார்டையோ கக்கிக்கொண்டிருக்கிறது. இந்த ஊரில் ஆதார் நகல் எடுக்காத ஐந்து நிமிடம் என்று ஒன்று கிடையாது.)

பாபு: நிரந்தரத்தை விடுங்கள். உங்களுக்கு வேண்டியது பேத்தி முகம்தானே? பார்த்துவிட்டு வருகிற விசா போடலாம். எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள் வரை இருக்கலாம். 30,000 யூரோவுக்கு இன்ஷூரன்ஸ் மட்டும் எடுக்க வேண்டும்.

தனலட்சுமி: முப்பதாயிரம் யூரோவா? என் வீட்டையே அந்த விலைக்குத்தான் கேட்கிறார்கள்!

பாபு: அது உடம்புக்கு ஏதாவது வந்தால் அவர்கள் கொடுப்பது. நாம் கட்டுவது அதில் ஒரு துளி.

தனலட்சுமி: 90 நாள் சரிதான். மருமகளும் நானும் ஒரே சமையற்கட்டில் அதற்கு மேல் நின்றால் அவளுக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை. இதற்கும் அந்தத் தயவுக் கேள்வி உண்டா?

பாபு: இங்கேதான் அக்கா கதையே தலைகீழ். போனவர் அங்கேயே தங்கிவிட மாட்டார், திரும்பி வருவார் என்று இதில் நம்ப வைக்க வேண்டும். ஊரில் தொழில் இருக்கிறது, வீடு இருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாத பொறுப்பு இருக்கிறது என்று ஆதாரம் வைக்க வேண்டும். அதில் குறைத்துக் காட்டச் சொன்னதையெல்லாம் இதில் கூட்டிக் காட்ட வேண்டும்.

தனலட்சுமி: (நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு) இதை முதலிலேயே சொல்வதற்கு உனக்கு என்ன? எழுது. தொழில், உணவகம்.

பாபு: இட்லிக் கடை...

தனலட்சுமி: உணவகம். உரிமையாளர். சொந்த வீடு, கீழும் மேலும். மேலே குடித்தனம். வரி ரசீது இந்தா. கிரைண்டர் இரண்டு.

பாபு: கிரைண்டரெல்லாம் வேண்டாம் அக்கா.

தனலட்சுமி: சரி, சீட்டைப் போடு. இருபது பேர். முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. எடுத்தவர்களில் பாதிப் பேர் பாக்கி. இதைப் போட்டுவிட்டு எந்த ஊருக்கு நான் ஓடுவேன்?

பாபு: சீட்டு... வேண்டாமே அக்கா. பதிவு செய்யாத சீட்டு. கேள்வி வரும்.

தனலட்சுமி: கேள்வி வரும் என்றா, இல்லை உன் பெயர் வரும் என்றா?

பாபு: (திரையைப் பார்த்தபடி) அது வந்து அக்கா, போன மாதம் கொஞ்சம் டைட்...

தனலட்சுமி: போன மாதம் மட்டுமா? அதற்கு முந்தின மாதம்? அதற்கும் முந்தின மாதம்? எழுது. ஜெராக்ஸ் கடை பாபு, மூன்று மாதத் தவணை பாக்கி. எதற்குத் திரும்பி வருவாய் என்று எவனாவது கேட்டால் உன்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டுகிறேன்.