டைப்ஸ்கிரிப்ட்: புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

டைப்ஸ்கிரிப்ட் என்பது ஜாவாஸ்கிரிப்ட்டோடு டைப் (மதிப்பின் வகை) சோதனையைச் சேர்க்கும் மொழி. ப்ராஜெக்ட்டுக்கு வேண்டிய பேக்கேஜ்களைப் பட்டியலிடும் பேக்கேஜ்.ஜேசனில், டைப்ஸ்கிரிப்ட்டின் வெர்ஷன் எண்ணுக்கு முன்னால் கேரட் குறி (^) இருக்கிறதா? முதலில் அதை எடுங்கள். "5.5-லிருந்து 5.6 தானே, சின்ன அப்டேட்" என்ற கணக்கு இங்கே செல்லாது. டைப்ஸ்கிரிப்ட் செம்வெர் விதிப்படி (முதல் எண் மாறினால்தான் பழைய கோடு உடையலாம் என்ற வழக்கம்) எண் போடுவதில்லை; எந்தப் புள்ளி வெளியீடும் நேற்றுவரை பாஸான பில்டை உடைக்கலாம். கேரட் போட்ட 5.5.0, லாக் ஃபைலை (நிறுவிய வெர்ஷன்களைப் பதிந்து வைக்கும் ஃபைல்) புதுப்பித்ததும் 5.9 வரை தாவிவிடும். டில்டே (~) போட்டால் 5.5-க்குள்ளேயே நிற்கும். குறியே இல்லாமல் முழு எண்ணைப் போடுவது இன்னும் நல்லது.

உடைவதெல்லாம் தொல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 செப்டம்பரில் வந்த 5.6, எப்போதும் உண்மையாகவே இருக்கும் நிபந்தனைகளைப் பிடிக்க ஆரம்பித்தது. "பெரியது அல்லது சமம்" என்று எழுதப் போய், சமக்குறியை முன்னால் தட்டிவிட்டால் (>= என்பதற்குப் பதில் =>) அது ஆரோ ஃபங்ஷன் ஆகிவிடும்; ஃபங்ஷன் எப்போதும் உண்மை என்றே எண்ணப்படும். இஃப் எப்போதும் உள்ளே போகும், ஒரு சத்தமும் வராது. 5.6 அந்த வரியிலேயே எரர் காட்டுகிறது. இதை எனி (டைப் சோதனையை அணைத்துவிடும் டைப்) போட்டு மூடுவது, புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றுகிற வேலை.

5.5 வேறு ரகம். ஓர் அரேயை (மதிப்புகளின் பட்டியல்) ஃபில்டர் செய்து நல் (null, 'மதிப்பு இல்லை' என்ற மதிப்பு) மதிப்புகளைக் கழித்தால், விடையின் டைப்பிலும் நல் இனி இருக்காது. பழைய கோடு அந்த விடை அரேக்குள் பின்னால் ஒரு நல்லை புஷ் செய்தால் (சேர்த்தால்) எரர். அந்த அரேக்கு டைப்பை நீங்களே எழுதிக் கொடுங்கள், தீர்ந்தது.

5.9-க்குப் போனதும் பைனரி தரவைக் கையாளும் பஃபர், யூஇன்ட்8அரே பக்கம் அரேபஃபர்லைக் என்ற டைப் பெயரோடு எரர் கொட்டினால், உங்கள் கோடில் கை வைக்காதீர்கள். முதலில் நோட் டைப்ஸ் பேக்கேஜை (@types/node, நோட்.ஜேஎஸ்ஸின் டைப் விவரங்கள்) புதுப்பியுங்கள். பல நேரம் அதுவே போதும்.

5.2-லிருந்து 5.9-க்கு ஒரே தாவலாகப் போகாதீர்கள். ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொன்றிலும் நோ-எமிட் கொடியோடு (ஃபைல் எழுதாமல் சோதனை மட்டும்) டிஎஸ்சி என்ற டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை ஓட்டி, தனித்தனி கமிட் போடுங்கள். எந்த எரர் எந்த வெளியீட்டால் வந்தது என்று அப்போதுதான் புரியும். உடனே சரிசெய்ய முடியாத இடத்தில் எரரை மறைத்துவிடும் டிஎஸ்-இக்னோர் கமென்ட் வேண்டாம், டிஎஸ்-எக்ஸ்பெக்ட்-எரர் போடுங்கள், பிழை சரியானதும் "இனி நான் எதற்கு?" என்று அதுவே எரர் காட்டும்.

டெர்மினலில் எரர், எடிட்டரில் ஒன்றுமில்லையா? விஎஸ் கோட் தன்னோடு வந்த டைப்ஸ்கிரிப்ட்டை ஓட்டிக்கொண்டிருக்கும். டைப்ஸ்கிரிப்ட் வெர்ஷன் தேர்வில் வொர்க்ஸ்பேஸ் வெர்ஷனுக்கு மாற்றுங்கள்.