பியானோவுக்கு ஃபெவிகால் போட வந்தவர்

"மரம்னா விரியத்தான் சார் செய்யும்." கடைக்காரர் வாயிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கிராண்ட் பியானோ வாங்கி 14 மாதம்தான் ஆகிறது. வங்கிக் கடன்கூட இன்னும் முடியவில்லை. அதற்குள் பிரிட்ஜில் விரிசல்!

வீணையில் குதிரை என்கிறோமே, பியானோவில் அதுதான் பிரிட்ஜ். மே மாதம் மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரம் நடுங்க ஆரம்பித்தது. சுதி இறங்கியிருக்கும் என்று ட்யூனரைக் கூப்பிட்டோம். அவர் அந்த ஸ்வரத்துக்கான மூன்று கம்பிகளில் இரண்டை ரப்பர் துண்டால் அடக்கிவிட்டு ஒன்றை மட்டும் ஒலிக்கவிட்டார். ஒற்றைக் கம்பி, அதுவே 'வவ்வவ்' என்று அலைகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால், பிரிட்ஜில் அடித்திருக்கும் ஊசிகளில் ஊசிக்கு ஊசி தாவி மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடுகிறது. ஒவ்வொரு கம்பியும் சாய்வாக அடித்த இரண்டு ஊசிகளுக்கு இடையே வளைந்து போகிறது. மரம் பிளந்தால் ஊசி ஆடும். ஊசி ஆடினால் முறுக்காணியை எவ்வளவு திருகியும் பிரயோஜனமில்லை.

கடையில் சொன்னால், சென்னை ஈரக்காற்றாம், வீட்டு ஏசியாம், ஆகவே வாரண்டியில் வராதாம். ஏன் சார், விற்கும்போது இது சென்னை என்று தெரியாதா? இரவு 9 மணிக்கு ஷட்டரை இறக்கும்போது உங்கள் ஷோரூம் ஏசியும் சேர்ந்துதானே அணைகிறது? நானாவது ஈரப்பதமானி வாங்கி வைத்து, தினமும் குறித்து, 50 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். அந்த நோட்டைக் காட்டினால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரி, காற்றுதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அடியில் இருக்கும் சவுண்ட்போர்டு, அதாவது நாதத்தைப் பெருக்கும் பலகை, ஸ்ப்ரூஸ் மரம், ஒரு சென்டிமீட்டர் கனம்கூடக் கிடையாது. முதலில் வெடிக்க வேண்டியது அதுதானே? அதில் ஒரு கீறல் இல்லை. பிரிட்ஜிலும் ஒரே ஒரு பகுதியில்தான் பிளவு. துளையைச் சிறிதாகப் போட்டு ஊசியை இறுக்கி அடித்த வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதே அறையில் பாட்டியின் தஞ்சாவூர் வீணை இருக்கிறது. பலாமரம். அதற்கு மட்டும் வேறு ஊர்க் காற்றா அடிக்கிறது?

சண்டை போட்டதில் ஒருவரை அனுப்பினார்கள். கையில் ஃபெவிகால் டப்பா, கறுப்பு பாலீஷ்! கட்டில் மேசை பார்க்கிற தச்சர் அவர். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உள்ளே சுமார் 230 கம்பிகள், மொத்த இழுவிசை 20 டன்னை ஒட்டி இருக்கும் என்று சொன்னதும் ஒரு அடி பின்னால் போனார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். முறையான வேலை என்றால் அந்தப் பகுதிக் கம்பிகளைத் தளர்த்தி விலக்கி, ஊசிகளைப் பிடுங்கி, எபாக்ஸி பசை ஊற்றி, மறுபடி துளையிட்டு அடிக்க வேண்டும். பிளவு ஆழமாக இருந்தால் பிரிட்ஜின் மேல்கட்டையையே மாற்ற வேண்டும். அப்புறமும் சுதி நிலைக்கிற வரை ட்யூனர் நாலைந்து முறை வர வேண்டும். இவ்வளவுக்கும் யார் பணம் தருவது? "கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறோம்."

மகள் விரிசல் விழுந்த பகுதிக்கான ஆறு கட்டைகளைத் தொடாமல் வாசிக்கப் பழகிக்கொண்டாள். இன்று காலை கடையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி. மெயிலுக்குப் பதில் வந்துவிட்டதோ என்று திறந்தால், ஆடித் தள்ளுபடியாம், பழைய பியானோவைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளலாமாம்.