லூகா பதோயரை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்

ஃபார்முலா 1 சீசன் நடுவில் டெஸ்ட் (ரேஸ் இல்லாத நாளில் காரை ஓட்டிச் சோதிப்பது) வைத்தால் காரில் யார் உட்கார வேண்டும்? இந்தப் பேச்சு வந்தாலே பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "ஞாயிற்றுக்கிழமை ரேஸ் ஓட்டுகிறவர்தான் ஓட்டணும், அவருக்குத்தானே கார்!" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் ரொம்ப நாள் அந்தக் கட்சிதான். இப்போது ரிசர்வ் டிரைவர், அதாவது ரேஸ் டிரைவருக்கு ஏதாவது ஆனால் ஏற்ற அணி வைத்திருக்கும் மாற்று ஆள், அவர் பக்கம் வந்துவிட்டேன்.

டிவியில் பார்க்கிற ரேஸுக்கும் டெஸ்ட் நாளுக்கும் சம்பந்தமே இல்லை. முன்சக்கரத்துக்குப் பின்னால் ஜன்னல் கம்பி மாதிரி ஒரு பெரிய சட்டத்தை மாட்டிவிடுவார்கள். அது முழுக்கக் காற்றழுத்தம் அளக்கும் சின்னச் சின்னக் குழாய்கள். நேர்பாதையில் ஒரே வேகத்தில் போகணும், கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. திரும்பி வந்ததும் விங்கில் பளிச்சென்று பச்சைச் சாயத்தைப் பூசி மறுபடி அனுப்புவார்கள், காற்று அதை எந்தப் பக்கம் இழுத்திருக்கிறது என்று படம் எடுக்க. அப்புறம் அதே பெட்ரோல் அளவு, அதே ரக டயர், புதிய பாகத்தோடு சில லேப், அதைக் கழற்றிவிட்டுப் பழைய பாகத்தோடு சில லேப். சாயங்காலம் வரை இதே கதைதான். இதற்குத் தேவை, சொன்னதைச் சொன்னபடி முப்பதாவது தடவையும் செய்கிற பொறுமை. அந்தப் பொறுமை சாம்பியனிடம்தான் இருக்கும் என்று யார் சொன்னது? (மைக்கேல் ஷூமாக்கரைக் கொண்டுவராதீர்கள். ரேஸ் முடிந்த கையோடு ஃபெராரியின் சொந்த டெஸ்ட் சர்க்யூட்டான ஃபியோரானோவுக்குப் போய் லேப் போட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். எல்லோரும் ஷூமாக்கர் இல்லை.)

சரி, பதோயருக்கு வருவோம். ஃபெராரியின் டெஸ்ட் டிரைவராகவே பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர். 1999-ல் நூர்பர்க்ரிங்கில் மினார்டி என்ற சின்ன அணியின் காரை நான்காம் இடம் வரை கொண்டுபோய், கியர்பாக்ஸ் கைவிட்டதும் காருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார். அந்த சீசனுக்குப் பிறகு ரேஸே கிடைக்கவில்லை. 2009-ல் ஹங்கேரியில் ஃபெராரி டிரைவர் மாஸா தலையில் அடிபட்டு விழ, பத்து வருடம் கழித்து இவரைக் கூப்பிட்டார்கள். வலென்சியா, ஸ்பா இரண்டிலும் தகுதிச்சுற்றில் கடைசி, ரேஸை ஓடி முடித்தவர்களிலும் கடைசி. உலகமே சிரித்தது.

சிரித்தவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சீசன் நடுவே டெஸ்ட் கூடாது என்ற தடை வந்ததே அந்த 2009-ல்தான். பழைய ஃபெராரிகளை உள்ளங்கை மாதிரி அறிந்த மனிதரை, பழக்கமே இல்லாத காரில் ஏற்றி, ஓட்டிப் பார்த்தே இராத சர்க்யூட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். பதோயரை இறக்கிவிட்டு ஜியான்கார்லோ ஃபிசிகெல்லாவை ஏற்றினார்கள். அவர் சாதாரண ஆள் இல்லை. அதே ஸ்பாவில் ஃபோர்ஸ் இந்தியா காரில் முதலிடத்திலிருந்து புறப்பட்டு இரண்டாவதாக வந்து, அடுத்த ரேஸில் ஃபெராரியில் உட்கார்ந்தவர். மிச்சம் இருந்த ஐந்து ரேஸில் ஒரு பாயிண்ட்கூட வரவில்லை. அதே ஸ்பாவில் அதே ஃபெராரியை ஜெயிக்கவைத்தவர், சீசன் முழுக்க அதை ஓட்டிய கிமி ராய்க்கோனன். அதனால் காரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காரோடு பழக நாளே கிடைக்காத யாரை உட்காரவைத்திருந்தாலும் ஏறக்குறைய இதுதான் நடந்திருக்கும்.

"ஆலிவர் பேர்மன் மட்டும் எப்படி ஓட்டினார்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 2024-ல் சவுதியில் ஃபெராரி டிரைவர் சைன்ஸுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை, அவர் இடத்தில் பேர்மனை ஏற்றினார்கள். 18 வயதுப் பையனுக்குக் கிடைத்தது ரேஸ் வாரத்தில் ஒரே ஒரு பயிற்சி நேரம். பதினோராவதாகப் புறப்பட்டு ஏழாவதாக வந்தார். ஆனால் முந்தைய வருடமே ஹாஸ் காரில் இரண்டு வெள்ளிக்கிழமைப் பயிற்சிகள் ஓட்டியிருந்தார், ஃபெராரியின் பழைய காரிலும் ஓட்டிப் பழகியிருந்தார். முன்கூட்டியே கொடுத்து வைத்த அந்தக் கிலோமீட்டர்கள்தான் அன்றைக்கு உதவின.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 2017 ஆகஸ்டில் ஹங்கேரி டெஸ்ட். 2011-ல் ராலி விபத்தில் கையை இழக்கும் நிலைக்குப் போன ராபர்ட் குபிட்சா, ரெனோ காரில் ஒரே நாளில் 142 லேப் போட்டார். "இந்தக் கையால் இந்தக் காரை ஓட்ட முடியுமா?" என்ற கேள்விக்கு சிமுலேட்டரா பதில் சொல்லும்? 2019-ல் வில்லியம்ஸில் அவர் திரும்பி வந்தது வரை அந்த நாளின் தொடர்ச்சிதான். அதே டெஸ்டில் மெக்லாரன் காரில் ஒரு லாண்டோ நோரிஸ், மெர்சிடிஸ் காரில் ஒரு ஜார்ஜ் ரஸ்ஸல், இரண்டு பேரும் அப்போது ஃபார்முலா 1 ரேஸுக்கே வராத பையன்கள். அந்த இருக்கைகளில் அன்றைக்கு ரேஸ் டிரைவர்களே உட்கார்ந்திருந்தால் நமக்குப் புதிதாக என்ன தெரிந்திருக்கும்?

ஒரு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். டயர் பாதுகாப்பு. 2013 சில்வர்ஸ்டோனில் ஹாமில்டன், மாஸா, வெர்னே, பெரெஸ் என்று வரிசையாக இடது பின்டயர் வெடித்துக் கிழிந்தது. அதற்குப் பிறகு அங்கே நடந்த இளம் டிரைவர்கள் டெஸ்டில் ரேஸ் டிரைவர்களையும் அனுமதித்தார்கள். அது சரியான முடிவு. 300 கிலோமீட்டர் வேகத்தில் அந்த டயரை நம்பிப் போகப்போகிறவருக்கு அதைத் தொட்டுப் பார்க்க உரிமை உண்டு. அந்த டெஸ்டுக்கு மெர்சிடிஸை மட்டும் வரவிடவில்லை. மே மாதமே ஹாமில்டனையும் ரோஸ்பெர்கையும் அடையாளமில்லாத ஹெல்மெட்டோடு அந்த வருடத்துக் காரிலேயே 1000 கிலோமீட்டர் ஓட்டவைத்ததற்குத் தண்டனை. மற்ற அணிகள் ஏன் அப்படிக் கொதித்தன என்று யோசியுங்கள். நடப்புக் காரில் ரேஸ் டிரைவருக்குத் தனியாகக் கிடைக்கிற நேரம் அவ்வளவு பெரிய லாபம். எல்லோருக்கும் திறந்துவிட்டால் பணம் இருக்கிற அணிக்குத்தான் கொண்டாட்டம்.

மோட்டோஜிபி பைக் ரேஸ்காரர்கள் டெஸ்ட் ரைடர் என்பதைத் தனி உத்தியோகமாகவே வைத்திருக்கிறார்கள். 2018-ல் ஓய்வு பெற்ற டானி பெட்ரோசா கேடிஎம்முக்காக டெஸ்ட் ஓட்டிக்கொண்டே இருந்துவிட்டு, 2023-ல் ஹெரெஸில் விருந்தாளியாக வந்து ஏழாவதாக முடித்தார். வண்டியோடு தினமும் பழகினால் வயதுகூடப் பெரிய விஷயமில்லை.

ஃபார்முலா 1-ல் 2025 முதல் பழைய கார் டெஸ்டில் ரேஸ் டிரைவர்களுக்கு வருடத்துக்கு நான்கு நாள், 1000 கிலோமீட்டர் என்று வரம்பு கட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ஒவ்வொரு காரையும் இரண்டு தடவை புதியவர்களுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். போகிற திசை சரி, அளவுதான் போதாது. ரேஸ் முடிந்த மறுநாளே, அதே சர்க்யூட்டில், நடப்புக் காரில், வருடத்துக்கு இரண்டு முறை இரண்டிரண்டு நாள் வையுங்கள். டயர் வேலைக்கு ஒரு மதியம் வேண்டுமானால் ரேஸ் டிரைவர் வரட்டும். மீதி நேரம் முழுக்க, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கராஜ் மூலையில் சீசன் முழுக்க நிற்கிறாரே, அவருக்கு.