ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சுன்னு சொன்னது தப்பா?

சனிக்கிழமை எங்கள் கல்லூரியில் டாக்டர், நர்சிங் மாணவர்கள் சேர்ந்து பழகுவதற்கென்று நடந்த ‘டீம் டிரெயினிங்’ போட்டோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நோயாளிக்குப் பதிலாகப் படுக்க வைத்த பயிற்சி பொம்மையைச் சுற்றி எம்.பி.பி.எஸ். மாணவர்கள். சுவரை ஒட்டி, கையில் டிரேயோடு என் நர்சிங் பிள்ளைகள். எழுத வேண்டாம் என்று நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

போட்டோவில் தெரியாததைச் சொல்கிறேன். நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பையனுக்குக் கை ஓய்ந்துவிட்டது. 5 செ.மீ.யாவது இறங்க வேண்டிய அழுத்தம் பாதிகூட இறங்கவில்லை. மூன்றாம் வருடப் பெண் ஒருத்தி, "டாக்டர், ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சு, ஆள் மாறணும்" என்றாள். நடத்தியவர் திரும்பி, "நர்சிங் பசங்க பார்த்தா போதும், குறுக்கே பேசாதீங்க" என்றார். சி.பி.ஆரில், அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் சிகிச்சையில், 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். அவள் விதியைத்தான் சொன்னாள்!

ஒருவரைப் பற்றி, ஒருவரிடமிருந்து, ஒருவரோடு சேர்ந்து கற்பது என்று உலக சுகாதார நிறுவனம் 2010லேயே இந்த மாதிரி கூட்டுப் பயிற்சிக்கு விளக்கம் எழுதிவிட்டது. ஒரே அறையில் நிற்க வைத்தால் அது சேர்ந்து கற்பது ஆகுமா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த இரண்டாம் வருடம், சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை, நைட் டியூட்டி. ஒரு பெரியவருக்கு இதயம் நின்றுவிட்டது. டியூட்டி டாக்டர், இதயம் நின்றால் போடும் ஊசி மருந்தான அட்ரினலினைக் கேட்டு, "அட்ரினலின் போடுங்க" என்று பொதுவாகச் சத்தம் போட்டார். பக்கத்து சிஸ்டர் போட்டுவிட்டார் என்று நான் நினைத்தேன். நான் போட்டேன் என்று அவர் நினைத்தார். மருந்து இருந்த ஆம்பியூல் (கண்ணாடிக் குப்பி) உடைக்காமலே கிடந்ததைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பெரியவர் பிழைத்துக்கொண்டார். எனக்கு விடியும்வரை கை நடுங்கியது. மூன்று பேருக்கும் வேலை தெரியும். மூன்று பேரும் சேர்ந்து ஒருநாளும் செய்து பழகியதில்லை. பெயர் சொல்லி மருந்து கேட்பதும், போட்டவர் "1 மில்லிகிராம் போட்டாச்சு" என்று திருப்பிச் சொல்வதும் பொம்மையிடம் பழக வேண்டியவை. அங்கே தவறினால் யார் வீட்டிலும் அழுகை இல்லை.

"டாக்டர்தானே தலைமை, ஆளாளுக்குப் பேசினால்?" என்கிறார்கள். சரி, தலைமை டாக்டருக்கே இருக்கட்டும், அதை நான் கேட்கவே இல்லை. சொல்வது அவர் காதில் விழட்டும் என்கிறேன். டைம்டேபிள் ஒத்துவராது என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. ஆண்டு விழாவுக்கு எல்லாருக்கும் ஒத்துவருகிறது. "உங்களுக்குத் தாழ்வு மனப்பான்மை" என்று ஒருவர் எழுதியிருந்தார். 19 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அது வலித்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயிற்சியின் உயிரே முடிந்த பிறகு உட்கார்ந்து பேசுவதில்தான் இருக்கிறது. யார் எதைக் கவனித்தார்கள், யார் ஏன் சொல்லாமல் விட்டார்கள் என்று. சனிக்கிழமை அந்தப் பேச்சு நடந்தபோது என் பிள்ளைகளை டிரே கழுவ அனுப்பிவிட்டார்கள். பிசியோதெரபி, பார்மசி மாணவர்களை யாரும் கூப்பிடவே இல்லை. தாம்பரத்திலிருந்து முதல் ட்ரெயின் பிடித்து வந்த பிள்ளைகள் டிரே கழுவிவிட்டுப் போனார்கள்.

அன்று ராத்திரி அந்தப் பெண் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "மேடம், நான் பேசினது தப்பா?"

"தப்பே இல்லம்மா. அடுத்த தடவை இன்னும் சத்தமா சொல்லு" என்று அனுப்பினேன். அடுத்த தடவையும் சுவரோரம்தான் இடம் என்றால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் வெளியே வந்துவிடுவேன். அதை முதல்வரிடமும் சொல்லிவிட்டேன்.