எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள்

மரவேலை வீடியோ போடும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒர்க்பெஞ்ச், அதாவது மரவேலை செய்யும் மேசை, செய்து காட்டும்போது அதை எதைப் பார்த்துச் செய்தீர்கள் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். "நானே யோசிச்ச டிசைன்" என்று சொல்லி முடித்துக்கொள்ளாதீர்கள்.

நான் இதில் அடிபட்டவன். 2 வருடம் முன்பு ஒரு வீடியோவைப் பார்த்து, அளவு பிசகாமல் ஒரு பெஞ்ச் செய்தேன். 4 அங்குலக் கனத்தில் மேல்பலகை, தூண் மாதிரி கால்கள், இடது முனையில் மரத்தைக் கவ்விப் பிடிக்க இரும்பு வைஸ். முன்கால்களை மட்டும் வீடியோக்காரர் விளிம்பிலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளி வைத்திருந்தார், பார்க்க அழகாக இருக்கும் என்று. நானும் தள்ளி வைத்தேன்.

முதல் வேலை, 6 அடி கதவுச் சட்டம் ஒன்றின் விளிம்பை இழைப்பது. இடது முனையை வைஸ் கவ்விக்கொண்டது. வலது முனைக்கு முட்டுக்கொடுக்க எதுவுமே இல்லை. இழைப்புளி பாதி தாண்டியதும் சட்டம் அந்தப் பக்கம் சரிந்தது. முழங்காலால் தாங்கிக்கொண்டே இழைத்து முடித்தேன். விளிம்பு நேராக வரவே இல்லை.

பிறகுதான் ரூபோ என்பவர் வரைந்த பெஞ்ச் படம் கண்ணில் பட்டது. ஆந்திரே ஜேக்கப் ரூபோ பாரிஸைச் சேர்ந்த தச்சர். 1769இலிருந்து தன் தொழிலைப் பற்றிப் பல பாகங்களாக எழுதி, படங்களும் வரைந்தவர். என் பெஞ்சின் பலகையும் கால்களும் அப்படியே அந்தப் படத்தில் இருந்தன, ஒன்றைத் தவிர. அவருடைய கால்கள் பலகை விளிம்போடு ஒரே மட்டத்தில் நிற்கின்றன. காலில் துளைகள் வேறு. துளையில் ஒரு முளையைச் செருகினால் நீளச் சட்டத்தின் மறுமுனை அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். பெஞ்சின் முன்பக்கம் முழுவதுமே பிடிமானம்! அந்த வீடியோவில் "ரூபோ" என்ற ஒரு சொல் இருந்திருந்தால், மரத்தை அறுக்கும் முன்பே இதைத் தேடிப் பார்த்திருப்பேன்.

"செத்து 200 வருஷம் ஆனவருக்கு எதுக்குப் பேர் போடணும், எல்லாருமே காப்பிதானே" என்கிறார்கள். எடுப்பது தவறென்று நான் சொல்லவில்லை. 17ஆம் நூற்றாண்டில் லண்டனில் அச்சகர் ஜோசப் மாக்ஸன் போட்ட தச்சுக் கருவிப் படத்தில் பெரும்பகுதி, பிரான்சின் எழுத்தாளர் ஃபெலிபியன் 1676இல் வெளியிட்டதிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் மரவேலை எழுத்தாளர் கிறிஸ்டோபர் ஷ்வார்ஸும் ரூபோவின் பெஞ்சை எடுத்தார். ஆனால் ரூபோ பெயரைச் சொல்லி எடுத்தார், எந்தப் பகுதி ஏன் அப்படி இருக்கிறது என்று 2007இல் புத்தகமே எழுதினார். இன்று உலகமெங்கும் அதை ரூபோ பெஞ்ச் என்றே அழைக்கிறார்கள் என்றால், அதில் ஷ்வார்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பெயர் அதனால் குறைந்துவிடவில்லை.

உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. பிளைவுட்டில், பக்கங்களில் பெரிய ஓட்டைகளோடு, தூக்கிப் போகிற மாதிரி ஒரு பெஞ்ச் வடிவமைத்தவர் ரான் பால்க். அதன் வரைபடத்தை விற்கிறார். அதே பெஞ்சைச் செய்துகாட்டி அவர் பெயரை விழுங்கிவிட்டால், அவர் கைக்குப் போக வேண்டிய காசு போகாது. பெஞ்ச் செய்யும் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, வரைபடத்துக்குத்தான் உண்டு என்று சட்டம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சரி. சட்டம் கேட்கவில்லை என்பதற்காக நாம் சொல்லாமல் இருக்கலாமா?

என் பெஞ்சில் இப்போது முன்கால்களோடு 4 அங்குலக் கட்டை சேர்த்து விளிம்புக்குக் கொண்டுவந்து, துளை போட்டிருக்கிறேன். கட்டை வேறு நிறம், ஒட்டு பளிச்சென்று தெரிகிறது. பட்டறைக்கு வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால், ரூபோவின் படத்தை எடுத்துக் காட்டுகிறேன்.