25 கிலோ கலர் வேஸ்ட்

(திருப்பூரில் ஒரு பனியன் வேஸ்ட் கிடங்கு. தராசுக்குப் பக்கத்தில் பழனிச்சாமி. வாசலில் மடித்த சாக்கோடு சிவக்குமார்.)

சிவக்குமார்: அண்ணா, வேஸ்ட் துணி 25 கிலோ வேணும்.

பழனிச்சாமி: வெள்ளையா, கலரா? வெள்ளை விலை கூடுங்க.

சிவக்குமார்: எதுவானாலும் சரிங்க.

பழனிச்சாமி: அப்படிச் சொன்னால் எப்படி? மெஷின் துடைக்கவா, பெயின்ட் துடைக்கவா? எண்ணெயை நன்றாக உறிஞ்சும் சரக்கு நேற்றுத்தான் இறங்கியது.

சிவக்குமார்: எண்ணெய் இல்லைங்க. அம்பு.

பழனிச்சாமி: (கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டு) அது எந்தக் கம்பெனி?

சிவக்குமார்: வில், அம்புங்க! பொண்ணு வில்வித்தை கற்றுக்கொள்கிறாள். வீட்டில் எய்து பழக இலக்கு ஒன்று செய்கிறேன். முதலில் தெர்மாகோல் வைத்தேன். மூன்றாவது அம்பில் இலக்கே போய்விட்டது. இன்னமும் துளசி மாடத்திலிருந்து வெள்ளை உருண்டை பறக்கிறது.

பழனிச்சாமி: அப்புறம்?

சிவக்குமார்: இலவம்பஞ்சுத் தலையணை. அம்பு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. அது மாமியார் வீட்டுச் சீர் என்று பிறகுதான் தெரிந்தது.

பழனிச்சாமி: அட்டைப்பெட்டி வைத்திருக்கலாமே?

சிவக்குமார்: வைத்தேனுங்க. பெட்டிகளைப் பிரித்து, அடுக்கி, கயிறு போட்டு இறுக்கி, அடுக்கின் விளிம்பு அம்பைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினேன். அருமையாகப் பிடித்தது. ராத்திரி மழை. காலையில் போனால் இட்லி மாவு.

பழனிச்சாமி: பனியன் துணி மட்டும் அம்பை நிறுத்திவிடுமா? ஊசி பட்டாலே ஓட்டை விழுகிற சரக்குங்க இது.

சிவக்குமார்: ஒற்றைத் துணி நிறுத்தாது. சாக்கில் திணித்து இறுக்கினால், முனை இடுக்கில் புகுந்து போகப்போக, சுற்றியிருக்கிற துணி தண்டை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். உரசலிலேயே நின்றுவிடும்.

பழனிச்சாமி: எனக்குப் பாக்கி வைத்திருக்கிற பார்ட்டிகளை இந்த மாதிரி பிடிக்க ஒரு சாக்கு கிடைக்குமா?

சிவக்குமார்: ஒரே கண்டிஷன், ஜிப், பட்டன் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. மோதினால் தண்டு விரிசல் விடும்.

பழனிச்சாமி: இது கட்டிங் வேஸ்ட். பட்டன் தைக்கிற வரைக்கும் போக அதற்கு யோகமில்லை. சரி, எப்படித் திணிப்பீங்க?

சிவக்குமார்: கையால்தான்.

பழனிச்சாமி: போச்சு! முதலில் இரண்டு மூலையையும் அடையுங்க. அப்புறம் ஒரு கை உயரத்துக்குப் போட்டு, சாக்குக்குள் இறங்கி மிதியுங்க. மறுபடி போட்டு மிதியுங்க. இருபது வருஷமாகப் பேல் கட்டுகிறேன், கேளுங்க. வாயையும் ஒரேயடியாகத் தைத்துவிடாதீங்க, கயிறு போட்டுச் சுருக்குங்க. துணி கீழே இறங்கும், மேல்பக்கம் தொளதொளக்கும்.

சிவக்குமார்: அங்கே பட்டால் அம்பு அப்படியே பின்னால் போய்விடுமே! பின்னால் சுவர்தான் என்றாலும் அம்பு உடைந்துவிடும்.

பழனிச்சாமி: அதனால்தான் அப்பப்போ வந்து நாலு கிலோ வாங்கித் திணிக்கணும். வாடிக்கை என்று எழுதிக்கொள்கிறேன். படம் எதுவும் ஒட்டுவீங்களா?

சிவக்குமார்: 40 சென்டிமீட்டர் வட்டம் போட்ட தாள். வெளியே வெள்ளை, அப்புறம் கறுப்பு, நீலம், சிவப்பு, நடுவில் மஞ்சள். மஞ்சளில் பட்டால் ஒன்பது, பத்து.

பழனிச்சாமி: அப்போ சாக்கு நடுவில் மட்டும் சீக்கிரம் தேயுமே?

சிவக்குமார்: அந்தக் கவலை இப்போதைக்கு இல்லைங்க. பொண்ணு எய்கிற லட்சணத்துக்குச் சாக்கு முழுக்க சமமாகத்தான் தேயும்.

பழனிச்சாமி: (தராசில் துணியை அள்ளிப் போட்டபடி) சரி, கலரே போடுகிறேன். 25 கிலோவும் மஞ்சளாகவே பொறுக்கித் தரட்டுமா?

சிவக்குமார்: மஞ்சள் எதற்குங்க?

பழனிச்சாமி: பாப்பா எங்கே எய்தாலும் உள்ளே மஞ்சளில்தானே படும்?